உயர்ந்த வாகனமும் அயலவர் உயிரும்

ஒரு மனிதன் தன் சொந்தப் பணத்தில், நாட்டின் சட்டத்துக்கு அமைய, தன் குடும்பத்துக்கென ஒரு வாகனத்தை வாங்குகின்றான். இதில் அறம் என்றும் அறமின்மை என்றும் பேசுவதற்கு என்ன இருக்கின்றது? வீட்டுச் சுவருக்கு எந்த வர்ணம் பூசுவது என்பதைப் போல இதுவும் அவனுடைய சொந்த விருப்பமல்லவா? நம்மிற் பலர் இப்படித்தான் எண்ணுகின்றோம். ஆனால் சுவரின் வர்ணம் சுவரோடு நின்றுவிடுகின்றது. வாகனமோ படலையைத் தாண்டி வீதிக்கு வருகின்றது. வீதி எல்லோருக்கும் பொதுவானது. அங்கே பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையும், சந்தைக்கு நடக்கும் கிழவியும், துவிச்சக்கர வண்டியில் மீன் கொண்டு செல்பவரும் இருக்கின்றனர். வாகனத்தைத் தெரிவு செய்தபோது அவர்களிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. எனினும் அந்தத் தெரிவின் விளைவில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

இந்தக் கேள்வி இன்று நமக்குப் புதிய வேகத்தோடு வந்திருக்கின்றது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கான வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளாகப் பொறுத்திருந்தவர்கள் இப்பொழுது விலைப்பட்டியல்களைப் புரட்டுகின்றனர். அவர்களிற் கணிசமானோரின் கண் ஒரே வகை வாகனத்தின் மீது படிகின்றது. அதுதான் சிறிய எஸ்.யூ.வி. என்று சொல்லப்படும், காரிலும் உயர்ந்த, ஜீப்பிலும் சிறிய வண்டி. அதை வாங்கலாமா, வாங்குவதாயின் எவ்விதம் தெரிவு செய்வது என்பதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

ஜீப்பின் சாயல், காரின் உடல்

நம் ஊர்வழக்கில் உயரமான வாகனமெல்லாம் ஜீப்தான். உண்மையான ஜீப் இரண்டாம் உலக மகா யுத்தத்தின் பிள்ளை. 1941 முதல் அமெரிக்க இராணுவத்துக்காகப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்டது. சேற்றிலும் மணலிலும் நான்கு சில்லுகளாலும் இழுத்துக்கொண்டு போவதே அதன் தொழில். இன்று காட்சியறைகளில் நிற்கும் சிறிய எஸ்.யூ.வி. அந்த வம்சத்தைச் சேர்ந்ததல்ல. 1994 இல் யப்பானில் ரொயோட்டா நிறுவனம் ராவ் 4 என்ற வண்டியை வெளியிட்டது. காருக்குரிய அமைப்பின் மீது ஜீப்பின் சாயலை ஏற்றிய வண்டி அது. அடுத்த ஆண்டில் ஹொண்டாவின் சீ.ஆர்.வி. வந்தது. நம் வீதிகளில் அதிகம் காணப்படும் ஹொண்டா வெசல் 2013 இன் இறுதியிலும், ஆயிரம் சீ.சீ.க்கும் சற்றுக் குறைந்த எஞ்சினைக் கொண்ட ரொயோட்டா ரெய்ஸ் 2019 இலும் யப்பானில் அறிமுகமாயின. இவற்றிற் பெரும்பாலானவை முன்சில்லுகளால் மாத்திரம் இழுக்கப்படும் வகையிலேயே விற்கப்படுகின்றன. அதாவது, தோற்றம் காட்டுக்குரியது, உடல் பட்டணத்துக்குரியது.

உலகம் இந்தத் தோற்றத்தை விரும்பிவிட்டது. சர்வதேச சக்தி முகவரகத்தின் கணிப்பின்படி, 2023 இல் உலகில் விற்பனையான கார்களில் 48 வீதமானவை ஏதோவொரு வகை எஸ்.யூ.வி. ஆகும். நடுத்தரக் கார் ஒன்றை விட இவை சராசரியாக 200 முதல் 300 கிலோகிராம் வரை பாரங்கூடியவை என்றும் அதே முகவரகம் கூறுகின்றது. சிறிய வகைகள் இந்தச் சராசரிக்குக் கீழே நிற்கும் என்பதையும் நீதியாகச் சொல்லவேண்டும்.

தேவை என்பது என்ன?

இத்தகைய வண்டியை வாங்குவோர் எல்லோரும் ஆடம்பரப் பிரியர்கள் என்று கூறுவது நியாயமன்று. மாரி காலத்தில் முழங்காலளவு வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகள் நம்மிடம் உண்டு. குன்றும் குழியுமான கிராமத்து வீதிகளில் தாழ்ந்த காரின் அடிப்பாகம் உரசுகின்றது. சாதாரண காருக்கு நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் அளவு இடைவெளி என்றால், சிறிய எஸ்.யூ.வி.க்கு 18 அல்லது அதற்கும் சற்றுக் கூட இருக்கும். இந்த மூன்று சென்ரிமீற்றர் சில வீதிகளில் பெரிய உபகாரம். முழங்கால் நோவுள்ள தாய் தகப்பனுக்குத் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழும்புவது எவ்வளவு கஷ்டம் என்பதை முதியோரை வைத்துப் பராமரிப்பவர்கள் அறிவர். இவையெல்லாம் மெய்யான தேவைகள்.

புனித தோமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தேவையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். உயிர் வாழ்வதற்கு இன்றியமையாதது ஒன்று. ஒருவன் தன் நிலைக்கும் பொறுப்புகளுக்கும் ஏற்றபடி வாழ்வதற்கு வேண்டியது மற்றொன்று. இரண்டாவதையும் அவர் தேவை என்றே கொண்டார். அதைப் பாவமென்று தள்ளிவிடவில்லை. ஆனால் அதன் எல்லை நூல் பிடித்தாற்போல் நேரானதன்று. கூட்டவும் குறைக்கவும் இடந்தருவது. அப்படியானால் ஒவ்வொருவனும் தன் மனச்சாட்சியைக் கொண்டே அந்த எல்லையை அளக்கவேண்டியிருக்கின்றது.

அளக்கும்போது நாம் ஏமாறும் இடமும் அதுவே. ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் அரச உத்தியோகத்தர், இரண்டு பிள்ளைகள். வீட்டிலிருந்து கந்தோர் வரை காப்பெற் இடப்பட்ட வீதி. வருடத்தில் இரண்டு முறை கொழும்புப் பயணம். இவர்களுக்கு ஒரு சிறிய கார் போதும் என்று கணக்குச் சொல்லுகின்றது. ஆயினும், “வெள்ளம் வந்தால்?” என்றொரு குரல் எழும்புகின்றது. வருடத்தில் மூன்று நாள் வரக்கூடிய வெள்ளம், எஞ்சிய முந்நூற்று அறுபத்திரண்டு நாட்களுக்கும் நியாயம் சொல்லத் தொடங்குகின்றது. உண்மையில் அயல்வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டிதான் அந்தக் குரலின் பிறப்பிடமாக இருக்கக்கூடும். செல்வத்தைப் பிறர் காணும்படி செலவிடுவதாலேயே மனிதன் மதிப்பைத் தேடுகின்றான் என்று அமெரிக்க அறிஞர் தோர்ஸ்டீன் வெப்ளன் 1899 இல் எழுதினார். நம் முன்னோர் விரலுக்குத் தக்க வீக்கம் என்று சுருக்கமாகச் சொல்லிவைத்தனர்.

நம் நாட்டில் வாகனத்தின் மீது விழும் வரிகள் சில வேளைகளில் அதன் அசல் விலையையே விஞ்சிவிடுகின்றன. ஆகவே தேவைக்கு மேற்பட்ட ஒவ்வொரு அங்குலமும் பல ஆண்டு லீசிங் தவணையாகக் குடும்பத்தின் தோளில் ஏறுகின்றது. பிள்ளைகளின் படிப்புக்கும் முதியோரின் மருந்துக்கும் ஒதுக்கவேண்டிய பணம் முற்றத்தில் நின்று வெயில் காய்கின்றது. இது அயலவரைப் பற்றிய கேள்விக்கு முன்னரே, தன் வீட்டாரைப் பற்றிய கேள்வியாகும்.

பாதுகாப்பு, ஆனால் யாருக்கு?

எஸ்.யூ.வி.க்குச் சார்பாகச் சொல்லப்படும் வாதங்களுள் மிகப் பலமானது பாதுகாப்பு. “என் பிள்ளைகளைக் காப்பது என் முதற் கடமை, ஆகவே உயரமான, பாரமான வண்டியை வாங்குகிறேன்” என்று ஒரு தகப்பன் சொல்லும்போது, அவனைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. தன் பிள்ளையைக் காக்க எண்ணாதவன் அயலான் பிள்ளையைக் காப்பானா? எனவே இந்த வாதத்தை மரியாதையோடு ஆராயவேண்டும்.

இரண்டு வாகனங்கள் ஒரே வேகத்தில் நேருக்கு நேர் மோதுகின்றன என்று வைப்போம். ஒன்று 1500 கிலோகிராம். மற்றது 1000 கிலோகிராம். மோதலில் பாரங்கூடிய வண்டியின் வேகம் எவ்வளவு மாறுகின்றதோ, அதைப்போல் ஒன்றரை மடங்கு மாற்றத்தைப் பாரங்குறைந்த வண்டி அனுபவிக்கும். உள்ளே இருப்பவரின் உடலைச் சிதைப்பது இந்தத் திடீர் மாற்றமே. ஆகவே பாரமான வண்டியில் இருப்பவருக்குக் கிடைக்கும் நன்மையில் ஒரு பகுதி, பாரங்குறைந்த வண்டியில் இருப்பவரின் கணக்கிலிருந்தே எடுக்கப்படுகின்றது. ஆபத்து அழிந்துபோகவில்லை, இடம் மாறியிருக்கின்றது.

வண்டியே இல்லாதவரின் நிலை இன்னும் மோசமானது. தாழ்ந்த முகப்புள்ள கார் ஒரு பாதசாரியை மோதினால் பெரும்பாலும் காலில் அடிபடுகின்றது. உடல் பொனெற்றின் மேல் சாய்கின்றது. உயர்ந்து செங்குத்தாக நிற்கும் முகப்போ இடுப்பிலும் நெஞ்சிலும் அடித்து ஆளைக் கீழே தள்ளுகின்றது. மோதப்படுவது சிறுபிள்ளையானால் அந்த அடி தலையிலேயே விழுகின்றது. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்காகக் காப்புறுதித் துறையினர் நடத்தும் நிறுவகம், ஏறக்குறைய 18,000 பாதசாரி விபத்துக்களை ஆராய்ந்து 2023 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பொனெற்றின் உயரம் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட வாகனங்கள், 30 அங்குலம் அல்லது அதற்குக் குறைந்த சரிவான முகப்புள்ள வாகனங்களை விட, பாதசாரிக்கு மரணம் விளைவிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 45 வீதம் அதிகம் என்பது அதன் முடிவு. 30 அங்குலத்துக்கும் 40 அங்குலத்துக்கும் இடைப்பட்ட வாகனங்களிலுங்கூட முகப்பு செங்குத்தாக இருந்தால் ஆபத்துக் கூடுகின்றது என்றும் அது கண்டது. சிறிய எஸ்.யூ.வி.களிற் பல இந்த இடைப்பட்ட வகையையே சேர்ந்தவை.

வீதி விபத்துக்களில் உலகில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் மாள்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவித்தது. அவர்களில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் நடப்பவர்கள், துவிச்சக்கர வண்டிக்காரர், மோட்டார் சைக்கிளில் செல்வோர். நம் நாட்டிலும் அண்மைய ஆண்டுகளில் வருடந்தோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை வீதிகள் விழுங்குகின்றன. இவர்களைச் சுற்றி இரும்புக் கூடு எதுவும் இல்லை. அவர்களுக்குள்ள ஒரே பாதுகாப்பு, எதிரே வருபவரின் தெரிவும் நிதானமுமே.

உயர்த்திய வளவு

இதை விளங்கிக்கொள்ள நமக்குப் பழக்கமான ஒன்றைப் பார்ப்போம். மாரியில் வெள்ளம் புகும் வளவொன்றின் சொந்தக்காரர் லொறி லொறியாக மண் பறித்துத் தன் காணியை இரண்டடி உயர்த்துகின்றார். அவர் வீடு காய்ந்து கிடக்கின்றது. அவர் காணியில் நின்ற தண்ணீர் எங்கே போனது? வேலியைத் தாண்டி அயல்வளவுக்குள் போயிற்று. அயலவரிடம் மண் பறிக்கப் பணமில்லை. அவருடைய அடுப்படியில் இப்பொழுது இருவர் பங்கு வெள்ளமும் நிற்கின்றது.

வளவை உயர்த்தியவர் களவெடுக்கவில்லை, சட்டத்தை மீறவில்லை, தன் குடும்பத்தைக் காத்தார். ஆயினும் அவர் செய்தது முழு நீதி என்று எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அப்படியானால் அவர் வெள்ளத்துக்குள்ளேயே கிடக்கவேண்டுமா? அதுவுமில்லை. வளவை உயர்த்தட்டும், ஆனால் தண்ணீர் ஓட ஒரு வாய்க்காலும் வெட்டட்டும். தன்னைக் காக்கும் உரிமையோடு, தான் தள்ளிவிடும் ஆபத்துக்கு வழி செய்யும் கடமையும் ஒட்டிக்கொண்டே வருகின்றது. உயர்ந்த வாகனத்தின் அறமும் இதுவேதான்.

“நான் ஒருவன் வாங்காமல் விட்டால் வீதி திருந்திவிடுமா? எல்லோரும் பெரிய வண்டி வைத்திருக்கும்போது நான் மாத்திரம் சிறியதில் போய் நசுங்குவதா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஜேர்மனியத் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1785 இல் ஓர் அளவுகோலைத் தந்தார். நீ பின்பற்றும் விதியை எல்லோருக்கும் உரிய விதியாக ஆக்கிப் பார். அப்பொழுதும் அது நிலைக்குமா என்று கேள் என்பதே அதன் சாரம். “மற்றவனுடையதை விடப் பாரமானதை வாங்குவேன்” என்பது எல்லோருக்கும் விதியானால் என்ன நடக்கும்? எல்லா வண்டிகளும் பெருக்கும். ஒருவருக்கும் மேலதிக பாதுகாப்பு மிஞ்சாது. நடந்து செல்பவன் மாத்திரம் முன்னிலும் அதிகமாகச் சாவான். இது வெறும் கற்பனையன்று. 1994 இல் வந்த மூன்று கதவு ராவ் 4 நான்கு மீற்றரிலும் குறைந்த நீளமுடையது. இன்று அதே பெயரில் வரும் வண்டி ஏறத்தாழ 4.6 மீற்றர். இப்பொழுதும் அமெரிக்காவில் அதைச் சிறிய எஸ்.யூ.வி. என்றே அழைக்கின்றனர். “சிறியது” என்ற சொல்லே வீங்கிவிட்டது.

“நான் இவ்வளவு வரி கட்டுகின்றேனே” என்பது மற்றொரு சமாதானம். வரி அரசோடு உள்ள கணக்கைத் தீர்க்கும். பாதசாரியோடு உள்ள கணக்கைத் தீர்க்காது. எரிபொருளும் அப்படித்தான். 2022 யூலையில் பங்கீட்டு முறை ஆரம்பித்தபோது காருக்கு வாரம் 20 லீற்றரும், ஓட்டோவுக்கு 5 லீற்றரும், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் ஒதுக்கப்பட்டன. எரிபொருள் ஒரே பானையிலிருந்து எல்லோருக்கும் அள்ளப்படுவது என்பதை அந்த நாட்களின் வரிசைகள் நமக்குக் கற்பித்தன. பணமுள்ளவன் எவ்வளவும் அள்ளலாம் என்ற எண்ணம் வரிசை கலைந்ததும் திரும்பி வந்துவிட்டது.

2007 யூனில் வத்திக்கான் வீதிப் பயணத்தைப் பற்றிய வழிகாட்டியொன்றை வெளியிட்டு, சாரதிகளுக்கெனப் பத்துக் கட்டளைகளையும் அதிற் சேர்த்தது. வாகனத்தை அதிகாரத்தினதும் ஆதிக்கத்தினதும் அடையாளமாக்காதே என்பது அவற்றுள் ஒன்று. வீதியில் பலவீனமானவனைக் காப்பாற்று என்பது இன்னொன்று. முதலாவதை நாம் ஓட்டும்போது மாத்திரம் நினைக்கின்றோம். ஆனால் ஆதிக்கம் என்பது வண்டியைத் தெரிவு செய்யும் மேசையிலேயே தொடங்கிவிடக்கூடும்.

வாய்க்காலை எப்படி வெட்டுவது?

இனி, மெய்யான தேவையுள்ள ஒருவர் சிறிய எஸ்.யூ.வி. வாங்குவது என்று தீர்மானித்துவிட்டார் என வைப்போம். அவர் எதைப் பார்க்கவேண்டும்?

முதலாவது, நட்சத்திரங்களை எண்ணுமுன் அவை யாருக்கானவை என்று கேட்கவேண்டும். 2018 இன் இறுதியில் இந்தியாவின் டாட்டா நெக்சன் குளோபல் என்காப் பரிசோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. இந்தியாவில் உற்பத்தியான காருக்கு முதன்முறை கிடைத்த பெருமை அது. ஆனால் ஐந்து நட்சத்திரமும் உள்ளிருக்கும் வளர்ந்தோரைக் காப்பதற்கு. சிறுவரைக் காப்பதற்கு அப்பொழுது கிடைத்தவை மூன்று. வெளியே நடப்பவனைப் பற்றி அந்த நட்சத்திரங்கள் பேசவில்லை. ஐரோப்பாவின் யூரோ என்காப் 1997 முதல் பாதசாரிக்கு நேரும் தீங்கையும் பரிசோதித்து, 2009 முதல் அதை மொத்த நட்சத்திரக் கணிப்பிலேயே சேர்த்துவிட்டது. தாம் விரும்பும் வண்டி அங்கே பரிசோதிக்கப்பட்டிருந்தால், பாதசாரிக்கு அது பெற்ற புள்ளியைத் தேடிப் பார்ப்பது வாங்குபவரின் கடமை.

இரண்டாவது, பாதசாரியைக் கண்டு தானாகவே பிரேக் பிடிக்கும் அமைப்பு. இந்த அமைப்பினால் பாதசாரி விபத்துக்கள் 27 வீதம் குறைகின்றன என்று மேற்சொன்ன அமெரிக்க நிறுவகம் 2022 இல் கண்டறிந்தது. அலோய் சில்லுக்கும் கூரைக் கண்ணாடிக்கும் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுப்பது நன்று. ஆனால் வீதிவிளக்கு இல்லாத இருளில் அதனால் வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்லுகின்றது. நம் கிராமத்து வீதிகளில் எத்தனை விளக்கு எரிகின்றது என்பது நமக்குத் தெரியும். ஆகவே கருவி சாரதியின் கண்ணுக்குத் துணையே தவிர, அதன் இடத்தைப் பிடிக்காது.

மூன்றாவது, முகப்பு. ஒரே விலையில் இரண்டு வண்டிகள் இருந்தால், சுவர்போல் நிமிர்ந்து நிற்பதை விட்டு, சரிந்து தாழ்ந்திருப்பதைத் தெரிவு செய்யலாம். நான்காவது, தேவைக்குப் போதுமானவற்றுள் பாரங்குறைந்தது. சேற்று வயலுக்கோ மலைத்தோட்டத்துக்கோ போகாதவருக்கு நான்கு சில்லு இழுவை வீண் பாரம். சிறிய எஸ்.யூ.வி.க்கும் அதே விலையுள்ள சாதாரண காருக்கும் இடையில் மனம் ஊசலாடினால், தேவையின் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது உதவும். எழுதும்போது வெட்கப்படவேண்டிய காரணங்கள் தாமாகவே வெளியே தெரியும்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் பெரியது, வேகம். மோதலின் சக்தி வேகத்தோடு சேர்ந்து கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகின்றது. மணிக்கு 40 கிலோமீற்றர் 60 ஆகும்போது அந்தச் சக்தி இரண்டேகால் மடங்காகின்றது. பாரமான வண்டியை 40 இல் ஓட்டுபவன், சிறிய காரை 60 இல் பறக்கவிடுபவனிலும் அயலவனுக்கு நல்லவன். வாங்கும்போது தவறவிட்ட நீதியிற் பெரும்பகுதியை ஒவ்வொரு நாளும் ஓட்டும்போது ஈடுசெய்ய முடியும் என்பது ஆறுதலான உண்மை. ஐந்து பேருக்கு இடமுள்ள வண்டியில் ஒருவர் மாத்திரம் தினமும் போய்வருவதை விட, அதே கந்தோருக்குப் போகும் அயலவரையும் மழையில் நிற்கும் பாடசாலைப் பிள்ளையையும் ஏற்றிக்கொள்வதும் வாய்க்கால் வெட்டுவதில் ஒரு பங்கே.

காட்சியறைக்குப் போகும் நாம் முதலில் சாரதி இருக்கையில் ஏறி உட்காருகின்றோம். அங்கிருந்து பார்த்தால் வீதி நமக்குக் கீழே கிடக்கின்றது, மனம் நிறைகின்றது. விற்பவரும் அதையே விரும்புகின்றார். அந்த இருக்கையில் இருந்துகொண்டு நீதியான தெரிவு செய்வது கடினம். இறங்கி வண்டிக்கு முன்னே வந்து, ஐந்து வயதுப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். சாரதியின் முகம் தெரிகின்றதா? அவருக்கு நம் முகம் தெரியுமா? பிறகு கையெழுத்திடுங்கள். நம் பணத்தால் வாங்கும் பொருள் நம்முடையதுதான். அது ஓடும் வீதியும், அந்த வீதியில் நடக்கும் உயிர்களும் நம் பணத்தால் வாங்கப்பட்டவையல்ல.